மூஸ் வேட்டையும் துவக்கின் வரலாறும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மலைநாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயர் இங்குள்ள மரையை 'எல்க்' என்று அழைத்தனர். 1850ஆம் ஆண்டையொட்டி நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் எழுதிய வேட்டை நூலிலும் மரைக்கு அப்பெயரே வழங்குகின்றது. பெயர் ஒன்றாயினும் விலங்கு வேறு. ஐரோப்பாவில் எல்க் எனப்படுவது வடதிசைக் குளிர்நாடுகளின் காடுகளில் வாழும் பிறிதொரு மான். அதனையே வட அமெரிக்கர் 'மூஸ்' என்பர். அவர்கள் எல்க் என்று கூறுவதோ வாப்பிட்டி என்னும் மூன்றாவது ஒரு மானை. இம்மயக்கம் நேராதிருக்கும்பொருட்டு, வடநாட்டுக் காடுகளின் பெருமானினத்தை மூஸ் என்னும் பெயராலேயே இங்குக் குறித்தல் பொருந்தும்.

இன்று உலகில் வாழும் மானினங்களுள் மூஸே மிகப் பெரியது. தோளளவில் அதன் உயரம் ஏறத்தாழ 2 மீற்றர். சுவீடன், நோர்வே ஆகிய நாடுகளிலுள்ள முதிர்ந்த கலைகள் 400 கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடையுடையன; அலாஸ்காவில் 600 கிலோகிராமையும் கடப்பன உண்டு. தோல் தடித்தது, தோளெலும்பு வலியது. நுரையீரலிற் குண்டு பாய்ந்த பின்னரும் ஒன்றும் நேராதது போல நின்று, பின்னர்ச் சில பத்து மீற்றர் நடந்து சென்று வீழ்வது அதன் இயல்பு. இத்தகைய விலங்கை வேட்டையாட எத்தகைய துவக்கு வேண்டும், எத்தகைய தோட்டா வேண்டும், எவ்வளவு தூரத்திலிருந்து சுடலாம் என்னும் வினாக்கள் இருநூறு ஆண்டுகளாக எழுந்து வருகின்றன. இவை கருவியை மட்டும் பற்றிய வினாக்கள் அல்ல. கொல்லப்படும் உயிர் கணத்தில் இறக்குமா, அன்றிப் புண்பட்டுக் காட்டினுள் ஓடி நாட்கணக்கில் வருந்துமா என்பது இவற்றின் விடையைப் பொறுத்தது.

துவக்கு வருமுன்னர் மூஸ் வேட்டை மிக அணுக்கத்தில் நிகழ்ந்தது. வடநாட்டு மக்கள் அதன் வழித்தடங்களிற் குழி வெட்டி, மேலே தழை பரப்பி அதனை வீழ்த்தினர். சுவீடனில் இக்குழி வேட்டை 1864ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்படும் வரை நடைபெற்றது. கனடாவின் கிழக்குப் பகுதிப் பழங்குடியினர் பூர்ச்ச மரப்பட்டையைக் கூம்பாகச் சுருட்டி ஊதி, பெண் மூஸின் குரலை எழுப்புவர். இனப்பெருக்கக் காலத்திற் கலையானது அக்குரலை நாடித் தானாகவே சில பாக தூரம் வரை வந்து நிற்கும். தூரத்தை வெல்லும் ஆற்றல் ஆயுதத்தில் இல்லாத காலத்தில், வேட்டைக்காரன் தன் அறிவாலும் பொறுமையாலும் தூரத்தைக் குறைத்துக்கொண்டான்.

கரிமருந்துத் துவக்கு வந்த பின்னரும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. கரிமருந்து குண்டுக்கு அளிக்கக்கூடிய வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. செக்கனுக்கு 400 அல்லது 500 மீற்றர் வேகத்தை எட்டுவதே அரிது. வேகத்தைக் கூட்ட இயலாதவன் எடையைக் கூட்டினான். ஆதலின் அக்காலத்து வேட்டைத் துவக்குகள் அகன்ற குழாயும் பருத்த ஈயக் குண்டும் உடையனவாய் இருந்தன. அக்குண்டு அணுக்கத்திற் பேராற்றல் காட்டும். ஆயினும் தூரம் செல்லச் செல்ல அதன் பாதை விரைவாக வளைந்து நிலத்தை நோக்கும். அன்றியும் ஒரு வெடி தீர்ந்தவுடன் எழும் வெண்புகை விலங்கை மறைத்துவிடும்; குண்டு எங்கே பட்டது என்பதை அறிதலும் அரிதாகும். இலங்கை மலைகளில் மரை வேட்டையாடிய பேக்கரும் அவ்வேட்டைக்குப் பெரும்பாலும் நாய்களையும் கத்தியையுமே நம்பினார்.

1867ஆம் ஆண்டில், அப்போது ஒரே மன்னரின் கீழ் இணைந்திருந்த சுவீடனும் நோர்வேயும் ரெமிங்டன் என்னும் பின்வாய்த் துவக்கைத் தம் படைகளுக்கு ஏற்றன. அதன் குழாய் விட்டம் 12.17 மில்லிமீற்றர். பின்வாயில் தோட்டாவை இட்டுச் சுடும் முறை வந்தமையால் இரண்டாம் வெடியை விரைவிற் சுட முடிந்தது. ஆயினும் மருந்து பழைய கரிமருந்தே. தூரமும் பழைய தூரமே.

இதற்கிடையே மூஸினத்துக்குப் பெரும் இடர் நேர்ந்திருந்தது. சுவீடனில் நெடுங்காலம் மூஸ் வேட்டை அரசருக்கும் பிரபுக்களுக்கும் உரியதாக இருந்தது. 1789ஆம் ஆண்டில் மூன்றாம் குஸ்தாவ் மன்னர் தம் நிலத்தில் வேட்டையாடும் உரிமையை உழவருக்கும் வழங்கினார். உரிமை வந்தது, அதனை அளவுபடுத்தும் ஒழுங்கு உடன் வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டின் பல பகுதிகளில் மூஸைக் காண்பதே அரிதாயிற்று. துவக்கின் ஆற்றல் சிறிதாக இருந்த காலத்திலேயே ஓரினம் இவ்வாறு குன்றியது என்பது கருதத்தக்கது. அழிவுக்குக் காரணம் கருவியின் வலிமை மட்டுமன்று.

துவக்கின் வரலாற்றில் உண்மையான திருப்பம் 1884ஆம் ஆண்டில் வந்தது. பிரான்சு நாட்டு இரசாயன அறிஞர் போல் வியேய் என்பவர் புகையற்ற வெடிமருந்தை ஆக்கினார். 1886ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படை அம்மருந்தைப் பயன்படுத்தும் 8 மில்லிமீற்றர் லெபெல் துவக்கை ஏற்றது. அடுத்த ஆண்டில் சுவீடன் நாட்டவரான அல்பிரட் நோபெல் 'பலிஸ்ரைற்று' என்னும் மற்றொரு புகையற்ற மருந்துக்கு உரிமை பெற்றார். குண்டின் வேகம் செக்கனுக்கு 600, 700 மீற்றர் என உயர்ந்தது. இயக்க ஆற்றலின் கணக்கில் எடையை இருமடங்காக்கினால் ஆற்றலும் இருமடங்காகும்; வேகத்தை இருமடங்காக்கினாலோ ஆற்றல் நான்கு மடங்காகும். ஆதலின் குண்டு சிறுத்தது, குழாய் ஒடுங்கியது, பாதை நேர்ப்பட்டது, தூரம் நீண்டது.

புதிய வேகம் ஒரு புதிய சிக்கலையும் கொணர்ந்தது. வெற்று ஈயக் குண்டு அவ்வேகத்தில் குழாயின் உட்சுவரில் உராய்ந்து சிதைந்தது. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த எட்வாட் றூபின் 1880களின் தொடக்கத்தில் உருவாக்கிய செப்புறை இதற்குத் தீர்வாயிற்று. ஆனால் முழுவதும் உலோக உறையால் மூடப்பட்ட குண்டு உடலினுள் விரியாது. ஊசிபோல ஊடுருவி மறுபுறம் வெளியேறும். அதனாற் புண் ஒடுங்கியதாய் அமையும். புண்பட்ட விலங்கு நெடுந்தூரம் ஓடிச் சாகும். இக்குறையை நீக்க நுனியில் ஈயம் வெளித்தெரியும் குண்டுகள் செய்யப்பட்டன. உடலிற் பட்டதும் அந்நுனி காளான்போல விரிந்து, தன் ஆற்றலை உடலினுள்ளேயே செலவிடும்.

இவ்வகைக் குண்டே 1890களின் பிற்பகுதியில் கல்கத்தாவை அடுத்த தம்தம் படைக்கலச் சாலையில் பிரித்தானியப் படைக்காகச் செய்யப்பட்டது. 'தம்தம் குண்டு' என்னும் பெயரும் அவ்வாறு எழுந்தது. அது மனிதவுடலில் விளைத்த கொடிய புண்களைக் கண்டு உலகின் மனச்சாட்சி கலங்கியது. 1899ஆம் ஆண்டில் ஹேக் நகரிற் கூடிய மாநாடு, மனிதவுடலில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரிற் பயன்படுத்தலாகாது என ஒரு பிரகடனம் செய்தது. ஆனால் சுவீடன், நோர்வே ஆகிய நாடுகளின் வேட்டை விதிகள் மூஸைச் சுடும் குண்டு விரியும் குண்டாகவே இருத்தல் வேண்டும் என்கின்றன. போர்க்களத்திற் கொடுமை எனத் தள்ளப்பட்ட பொருள் காட்டிலே கருணை எனக் கொள்ளப்படுவது முரண்போலத் தோன்றலாம். உண்மையில் முரண் இல்லை. போரின் நோக்கம் எதிரியைச் செயலறச் செய்வது. காயமுற்றவன் பிழைத்தல் வேண்டும் என்பது மாநாட்டின் கருத்து. வேட்டையிலோ விலங்கு இறப்பது உறுதி. அது விரைவில் இறத்தல் வேண்டும் என்பதே சட்டத்தின் கருத்து. வேட்டைத் தோட்டாவைத் தேர்வதில் முதல் அளவுகோல் இதுவே.

1894ஆம் ஆண்டில், சுவீடனும் நோர்வேயும் கூட்டாக அமைத்த குழுவின் முயற்சியாற் பிறந்த 6.5×55 என்னும் தோட்டா வழக்குக்கு வந்தது. நோர்வே அதனை கிராக்–யோர்கென்சன் துவக்கிலும், சுவீடன் மௌசர் துவக்கிலும் பயன்படுத்தின. அதன் தொடக்கக் காலக் குண்டு 10 கிராம் அளவினது, மெலிந்து நீண்டது. அகலத்தை நோக்க எடை மிகுந்த குண்டாதலால் உடலினுள் ஆழ ஊடுருவும். பின்னுதைப்போ மிகக் குறைவு. 1905ஆம் ஆண்டில் இரு நாடுகளின் அரசியல் இணைப்பு அறுந்தது. ஆனால் இத்தோட்டா இரு நாடுகளிலும் நிலைத்தது. படைத் துவக்காக வந்தது நாளடைவில் மூஸ் வேட்டைக்காரரின் வீட்டுத் துவக்காயிற்று.

அதே 1905ஆம் ஆண்டில் பெர்லின் நகரத் துவக்குத் தொழிலாளர் ஒற்றோ பொக் என்பவர் 9.3×62 என்னும் தோட்டாவை அமைத்தார். ஆபிரிக்காவில் வாழ்ந்த ஜேர்மானியக் குடியேற்றக்காரரை மனத்திற்கொண்டு செய்யப்பட்ட அது, 18.5 கிராம் எடையுள்ள பருத்த குண்டை உடையது. ஆபிரிக்க யானைக்கும் எருமைக்கும் எனப் பிறந்த தோட்டா, பின்னர்ச் சுவீடனின் பைன் மரக்காடுகளிற் பெருவழக்குப் பெற்றது. 1906ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை ஏற்ற '.30–06' என்னும் தோட்டா இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. வட அமெரிக்க மூஸ் வேட்டையில் அது இன்றளவும் வழங்குகின்றது. மெல்லிய குண்டா, பருத்த குண்டா என்னும் வழக்கு வேட்டைக்காரரிடையே ஒரு நூற்றாண்டாக நடந்து வருகின்றது. இரு திறத்தாரும் மூஸை வீழ்த்தியே வந்துள்ளனர். இதயமும் நுரையீரலும் அமைந்த இடத்திற் படும் மெல்லிய குண்டு, வயிற்றிற் படும் பருத்த குண்டைவிட ஆயிரம் பங்கு மேலானது என்பதே அவர்களது பட்டறிவு தந்த முடிவு.

குண்டின் அளவினும் அதன் அமைப்பே பெரிது என்பதை ஒரு மூஸே உலகுக்கு உணர்த்தியது. ஜோன் நொஸ்லர் என்னும் அமெரிக்கர் 1940களின் நடுப்பகுதியிற் கனடாவின் பிரித்தானியக் கொலம்பியாவில் வேட்டைக்குச் சென்றார். அவர் கையிலிருந்த துவக்கு அக்காலத்தின் வேகமிகு துவக்குகளுள் ஒன்று. சேறு காய்ந்து ஒட்டிய உடலோடு நின்ற மூஸ் ஒன்றை அணுக்கத்திலிருந்து பலமுறை சுட்டும் அது வீழவில்லை. மிகு வேகத்தோடு சென்ற குண்டுகள் மேற்பரப்பிலேயே சிதறி, உள்ளுறுப்புக்களை எட்டாதொழிந்தன. இதனைச் சிந்தித்த நொஸ்லர், குண்டின் நடுவே செம்புக் கலப்புலோகத்தால் ஒரு தடுப்புச் சுவரை வைத்தார். முற்பாதி விரிந்து புண்ணை அகலமாக்கும். பிற்பாதி சிதறாது ஆழச் செல்லும். 1948ஆம் ஆண்டு முதல் விற்பனையான இப்பகுப்புக் குண்டு வேட்டைத் தோட்டாக்களின் போக்கையே மாற்றியது. வேகம் மட்டும் போதாது, மிகு வேகமே சில வேளை குறையாகும் என்பது அன்று தெளிவாயிற்று.

இரண்டாம் உலகப் போரின் பின் நெடுந்தூரச் சூட்டின் கவர்ச்சி வளர்ந்தது. தொலைநோக்கிக் குறிகாட்டி பொருத்திய துவக்குகள் பெருவழக்காயின. 1958ஆம் ஆண்டில் '.338 வின்செஸ்டர் மக்னம்' என்னும் பெருந்தோட்டா வந்தது. 1963ஆம் ஆண்டில் '.300 வின்செஸ்டர் மக்னம்' வந்தது. அலாஸ்காவின் திறந்த வெளிகளில் இவை விரும்பப்பட்டன. பின்னர் லேசர் ஒளியால் தூரத்தை நொடியில் அளக்கும் கருவிகளும் கைக்கு வந்தன.

சுவீடனிலும் நிலத்தோற்றம் மாறியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் காட்டுத்தொழில் முழுப்பரப்பையும் ஒருங்கே வெட்டும் முறையை மேற்கொண்டது. வெட்டிய வெளிகளில் முளைத்த இளம் பூர்ச்சும் பைனும் மூஸுக்கு நல்லுணவாயின. மூஸின் தொகை பெருகியது. 1982ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 174,000 மூஸ்கள் அந்நாட்டில் வேட்டையாடப்பட்டன. அதன் பின் அத்தொகை மிகக் குறைந்தது. விலங்கைப் பெருக்கிய அதே வெட்டுவெளி, அடர்ந்த காட்டில் இல்லாத நெடும் பார்வையையும் தந்தது. முன்னர் மரங்களே வேட்டைக்காரனுக்கு எல்லை வகுத்தன. இப்போது அவனே தனக்கு எல்லை வகுக்க வேண்டியவனானான்.

அவ்வெல்லையை வகுக்கச் சிறு கணக்கு உதவும். செக்கனுக்கு 800 மீற்றர் வேகத்திற் புறப்படும் குண்டு 100 மீற்றரைக் கடக்க ஏறத்தாழ ஒரு செக்கனில் எட்டிலொரு பங்கு நேரம் ஆகும். அந்நேரத்தில் புவியீர்ப்பு அதனைச் சுமார் 8 சென்ரிமீற்றர் கீழே இழுக்கும். தூரம் 400 மீற்றராயின், காற்றின் தடையால் வேகம் தளர, நேரம் ஏறத்தாழ 0.6 செக்கன் ஆகும். வீழ்ச்சியோ ஒன்றரை மீற்றருக்கு மேற்படும். தூரம் நான்கு மடங்காக, வீழ்ச்சி இருபது மடங்காகிறது. மிதமான குறுக்குக் காற்றுக் கூட அத்தூரத்திற் குண்டை ஏறத்தாழ ஒரு முழம் ஒதுக்கிவிடும். வீழ்ச்சியைக் கருவி கணித்துக் கூறலாம். இடைவெளியெங்கும் காற்று எவ்வாறு வீசுகின்றது என்பதை எக்கருவியும் முற்றாகக் கூறாது. மூஸ் எப்போது அடியெடுத்து வைக்கும் என்பதையோ எதுவுமே கூறாது. மெல்ல நடக்கும் மூஸ் 0.6 செக்கனில் அரை மீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். விசையை இழுத்தபோது நுரையீரல் இருந்த இடத்தில், குண்டு சேரும்போது வயிறு இருக்கும்.

வேகம் குன்றிய குண்டு விரிவதற்கும் தயங்கும் என்பது மற்றொன்று. அணுக்கத்திற் சிதறாதிருக்கும் வன்மையும், சேய்மையில் விரியும் மென்மையும் ஒரே குண்டில் அமைதல் அரிது. ஆதலின் நெடுந்தூர வேட்டைக்குத் தோட்டாவைத் தேர்பவன், அது எவ்வளவு தூரம் செல்லும் என்று கேட்பதினும், எவ்வளவு தூரம் வரை அதன் குண்டு விரியும் வேகத்தோடு செல்லும் என்று கேட்டல் வேண்டும். பெருந்தோட்டாவின் பின்னுதைப்பும் கருதற்பாலது. உதைப்பை அஞ்சுபவன் விசையை இழுக்கும் கணத்தில் தன்னையறியாது நடுங்குவான். அந்நடுக்கம் தோட்டாவின் மிகை ஆற்றலை வீணாக்கிவிடும்.

வடநாட்டுச் சட்டங்கள் இப்பட்டறிவை எண்களாக்கின. சுவீடனில் மூஸைச் சுடும் குண்டு 10 கிராமோ அதற்கு மேலோ எடையுடையதாயின், 100 மீற்றரில் 2,000 யூல் ஆற்றலாவது அதற்கு இருத்தல் வேண்டும். 9 முதல் 10 கிராம் வரையுள்ள இலேசான குண்டாயின் 2,700 யூல் வேண்டும். துவக்கின் வாயிலன்றி 100 மீற்றரில் அளக்கப்படுவதும், இலேசான குண்டிடம் மிகுதியான ஆற்றல் கோரப்படுவதும் நோக்கத்தக்கன. சட்டம் கருவியோடு நிற்கவில்லை, கையையும் சோதிக்கின்றது. நோர்வேயிற் பெருவிலங்கு வேட்டைக்குச் செல்பவர் 100 மீற்றர் தூரத்தில் 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தினுள் ஐந்து குண்டுகளையும் சேர்த்துத் தேர்ச்சி காட்டுதல் வேண்டும். சுவீடனில் 1985ஆம் ஆண்டு முதல் புதிய வேட்டைக்காரருக்குத் தேர்வு கட்டாயமாயிற்று. 80 மீற்றர் தூரத்தில் ஓடும் மூஸ் உருவைச் சுடுதலும் அதில் ஒரு பகுதி.

ஓடும் உருவைச் சுடும் பயிற்சி அந்நாட்டில் வேரூன்றியது. ஓடும் மான் சூட்டுப் போட்டியில் சுவீடனைச் சேர்ந்த ஒஸ்கார் சுவான் 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் தம் 60ஆவது வயதிலே தங்கப் பதக்கம் பெற்றார். 1920ஆம் ஆண்டு அன்ற்வேர்ப் ஒலிம்பிக்கில் 72ஆவது வயதிலும் அணியோடு வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக் வரலாற்றில் அவரினும் முதிர்ந்த வயதிற் பதக்கம் வென்ற விளையாட்டு வீரர் இலர். அப்போட்டியின் தூரம் சுமார் 100 மீற்றரே. உலகின் தேர்ந்த குறிவல்லுநருக்கும் அவ்வளவு தூரமே தக்க சோதனையாகக் கொள்ளப்பட்டது.

குறி தவறுதலும் சட்டத்தின் கணக்கில் உண்டு. சுவீடனில் மூஸ் வேட்டையாடுவோர், புண்பட்ட விலங்கின் தடம் பற்றிச் செல்லப் பழகிய நாயை இரண்டு மணி நேரத்தினுள் அவ்விடத்துக்குக் கொணரக்கூடிய நிலையில் இருத்தல் வேண்டும். நெடுந்தூரத்திற் சுட்டவனுக்கு இக்கடமை மேலும் கடினம். விலங்கு நின்ற இடத்தைத் தேடிக் காண்பதற்கே அவன் வெட்டுவெளியையோ சதுப்பையோ கடந்து செல்லுதல் வேண்டும்.

அண்மைக் காலத்தில் மற்றொரு கேள்வியும் சேர்ந்துள்ளது. விரியும் ஈயக் குண்டின் நுண்துகள்கள் இறைச்சியில் தங்குகின்றன. எறிந்த குடலைத் தின்னும் கழுகுகளுக்கும் அவை நஞ்சாகின்றன. 1980களின் இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த முழுச் செப்புக் குண்டுகள் ஈயமின்றியே விரிவன. டென்மார்க் 2024ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் முதல் வேட்டை றைபிள்களில் ஈயக் குண்டைத் தடை செய்தது. செப்பு ஈயத்தினும் இலேசானது. விரிவதற்கு மிகுதியான வேகம் வேண்டுவது. ஆகவே இம்மாற்றமும் சுடும் தூரத்தைக் குறுக்கவே அறிவுறுத்துகின்றது.

இரு நூற்றாண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கின், மூஸ் வேட்டைக்கு ஏற்ற துவக்கு யாது என்னும் வினாவுக்கு விடை எளிதாகின்றது. உடையவன் அஞ்சாது பலமுறை பயிலக்கூடிய துவக்கு. சட்டம் கோரும் ஆற்றலும், சிதறாது விரியும் குண்டும் உடைய தோட்டா: இவை போதும். 1894ஆம் ஆண்டின் தோட்டா இன்றும் இப்பணியைச் செய்கின்றது. புதிய மருந்தும் புதிய கண்ணாடியும் குண்டு எட்டும் தூரத்தை நீட்டிக்கொண்டே செல்லும். வேட்டைக்காரன் எவ்வளவு தூரத்தில் ஐந்து குண்டையும் தவறாது ஒரு சிறு வட்டத்தினுள் சேர்க்க வல்லனோ, அதுவே அவன் சுடத்தக்க தூரம். அதற்கு அப்பால் நிற்கும் மூஸை நோக்கி, பூர்ச்சப்பட்டைக் குழல் ஊதிய பழங்குடி வேட்டைக்காரனைப் போலப் பொறுமையோடு தூரத்தைக் குறைத்துக்கொள்வதே அவன் செய்யத்தக்கது. அது இயலாதாயின் துவக்கைத் தாழ்த்தி, அவ்விலங்கை அதன் வழியே போகவிடுவது.